தீபாவளிப் படமும் ருஃபைதாவின் கூடாரமும்



தமிழகத்தில் பண்டிகை நாள் என்றால் புத்தாடை, பலகாரங்களோடு புதுப்படமும் சேர்ந்தே வருகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அது திரையரங்கில் ஓடும். நம் இரு பெருநாள்களிலோ, தொழுகையும் விருந்தும் முடிந்து உறவினர் விடைபெற்ற பின், வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் என்ன ஓடுகிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். திரைப்படம் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எந்தப் படத்தையும் பார்க்குமாறு நாம் பரிந்துரைக்கவும் இல்லை. ஒரு பண்டிகை நாளில் வெளியான மருத்துவக் கதையைப் பார்த்த மக்கள் அதன்பின் எதைப் பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பதைப் பற்றியே இங்குச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம். ஏனெனில், பேசாமல் விடப்பட்ட செய்தி நம் வீட்டுப் பெண்களின் உயிரோடும் நம் பள்ளிவாசல்களோடும் தொடர்புடையது.

2017-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று, தீபாவளியையொட்டி 'மெர்சல்' வெளியானது. இயக்கியவர் அட்லீ; மூன்று வேடங்களில் நடித்தவர் விஜய். ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு மருத்துவம் பார்க்கும் ஒரு மருத்துவரின் கதை அது. ஆயினும் அதன் உயிர்நாடி, சில பத்தாண்டுகளுக்கு முந்தைய மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடக்கும் முன்கதையில்தான் இருக்கிறது. கோயில் விழாவில் தீ விபத்து நேர்கிறது. அருகில் மருத்துவமனை இல்லாமையால் குழந்தைகள் மாண்டுபோகின்றனர். ஊரார் தம் கைப்பொருளைத் திரட்டித் தங்களுக்கென்று ஒரு மருத்துவமனை கட்டுகின்றனர். பின்னர், அதே மருத்துவமனையில் பணத்தாசை பிடித்த மருத்துவன் ஒருவன் தேவையற்ற அறுவைச் சிகிச்சையைத் திணிக்க, மயக்க மருந்து மிகுந்து, அதைக் கட்டியவரின் மனைவியே பிரசவத்தில் உயிரிழக்கிறாள். கதை முழுவதும் அந்த ஒரு தாயின் மரணத்தைச் சுற்றியே சுழல்கிறது.

படம் வெளியான பின் நாடெங்கும் எழுந்த பேச்சை நினைவுகூர்ந்து பாருங்கள். சரக்கு, சேவை வரி பற்றிய வசனங்களை நீக்க வேண்டும் என்று அன்றைய பாரதிய ஜனதா கட்சியின் மாநிலத் தலைவர் தமிழிசை சௌந்தரராசன் கோரினார். அக்கட்சியின் எச். ராஜா, நடிகரின் முழுப்பெயர் 'ஜோசப் விஜய்' என்பதை வெளியிட்டு, அவருடைய மதத்தைப் பேசுபொருளாக்கினார். காங்கிரஸின் ராகுல் காந்தி படத்திற்கு ஆதரவாகக் கருத்துத் தெரிவித்தார். தம் தொழிலை இழிவுபடுத்தியதாக மருத்துவர் சங்கத்தினர் கண்டித்தனர். தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்யக் கோரிய வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் அம்மாத இறுதியிலேயே தள்ளுபடி செய்தது. நம் சமுதாய இளைஞர்களும் ஒதுங்கி நிற்கவில்லை. அந்த வசனக் காட்சியை வாட்ஸ்அப் குழுக்களில் இரவு பகலாகப் பரப்பினார்கள். தமக்குப் பிடிக்காத கட்சிக்கு அது பிடிக்கவில்லை என்பதே பலருக்கும் அதைப் பரப்பப் போதுமான காரணமாக இருந்தது.

இந்த ஆரவாரத்தில் இறந்துபோன அந்தத் தாயைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்?

அந்நாளில் நம் மாலை நேர மக்தபில் ஓதவந்த பிள்ளைகள் இடைவேளையில் அப்படத்தின் மாயாஜாலக் காட்சிகளை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் அருகில் வந்து, "ஹஜ்ரத், அந்தப் பிள்ளையோட அம்மா ஏன் மவுத்தானாங்க? டாக்டரு வேணும்னே செஞ்சாரா?" என்று கேட்டாள். அவளுடைய தாயார் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கதை அது, எல்லா மருத்துவரும் அப்படியில்லை, உன் உம்மாவுக்காக துஆ செய் என்று சொல்லி அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், அவளுக்குத் தம்பி பிறந்தான், தாயும் நலம். நாமறிந்த வரையில் அப்படத்தைப் பற்றி எழுந்த கேள்விகளுள் மிகப் பொருத்தமானது அச்சிறுமியின் கேள்விதான்.

செய்தி ஒன்று வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிவடைய வேண்டும் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனம் தரும் பாடம். இவ்விரு அளவுகோல்களையும் கொண்டு அந்த வசனக் காட்சியை நிறுத்துப் பார்ப்போம். ஏழு விழுக்காடு வரி வாங்கும் சிங்கப்பூர் மக்களுக்கு இலவச மருத்துவம் தருகிறது, இருபத்தெட்டு விழுக்காடு வாங்கும் நம் நாடு தரவில்லை என்பது அதன் சாரம். அன்றைய சிங்கப்பூரில் வரி ஏழு விழுக்காடு என்பது உண்மை. ஆனால் அங்கு மருத்துவம் எல்லோர்க்கும் முற்றிலும் இலவசமன்று; ஊதியத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் சேமிப்பும் அரசு மானியமும் நோயாளி செலுத்தும் பங்கும் சேர்ந்ததே அந்நாட்டு முறை. இங்கோ இருபத்தெட்டு விழுக்காடு என்பது அன்றைய உச்ச வரம்பாக இருந்தது. பெரும்பாலான மருந்துகளுக்கு அது பொருந்தியதில்லை, மருத்துவமனைச் சிகிச்சைக்கு அன்று விலக்கே இருந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவம் கட்டணமின்றியே நடக்கிறது. ஆக, நம் இளைஞர்கள் உற்சாகத்தோடு பரப்பிய செய்தியில் பாதிக்குமேல் பிழை. நமக்குப் பிடித்தவர் சொன்னாலும் பிழை பிழையே.

இதன் மறுபக்கத்தையும் நீதியோடு பார்க்க வேண்டும். படத்தின் அடிப்படைக் கவலையான தேவையற்ற அறுவைச் சிகிச்சை வெறும் கற்பனையா? 2015-16-ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 34.1 விழுக்காடு அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. 2019-21 ஆய்வில் அது 44.9 விழுக்காடாக உயர்ந்தது. அந்த ஆய்வில் அரசு மருத்துவமனைகளின் அளவு 36 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. இவ்வேறுபாட்டுக்குப் பணம் ஒன்றே காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. தாயின் வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம், முதல் பிரசவத்தில் செய்த அறுவை, நல்ல நாள் பார்த்துக் குழந்தை பெற விரும்பும் குடும்பத்தாரின் வற்புறுத்தல் எனப் பல காரணங்கள் உள்ளன. தக்க நேரத்தில் செய்யும் அறுவைச் சிகிச்சை எத்தனையோ தாய்மாரைக் காத்திருக்கிறது. அதை அஞ்சி மறுப்பதும் ஆபத்தே. ஆயினும் இந்த எண்கள் ஒவ்வொரு குடும்பமும் மருத்துவரிடம் அமர்ந்து, அமைதியாக, "இது ஏன் தேவைப்படுகிறது?" என்று கேட்க வேண்டியதை உணர்த்துகின்றன. வசனத்துக்காகச் சண்டையிட்ட நாட்டில் இந்த எண்களுக்காக அவ்வளவு குரல் எழவில்லை.

ஐந்து ரூபாய் மருத்துவரும் கற்பனையல்லர். வடசென்னையில் அவ்வாறே வாழ்ந்த மருத்துவர் ஜெயச்சந்திரன் 2018 டிசம்பரிலும், வியாசர்பாடியின் மருத்துவர் திருவேங்கடம் 2020 ஆகஸ்டிலும் மறைந்தனர். அவர்களின் இறுதிப் பயணத்தில் சாதி, சமயம் பாராமல் ஏழைகள் அழுதார்கள்.

இனி, நம்மை நோக்கித் திரும்ப வேண்டிய இடத்திற்கு வருகிறோம். கோயிலைக் காட்டிலும் மருத்துவமனையே முதலில் தேவை என்னும் பொருளில் அமைந்த வசனமும் அப்படத்தில் சர்ச்சைக்குள்ளானது. அச்சர்ச்சையை நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தோம். சிலர் இரசிக்கவும் செய்தோம். அவ்விடத்தில் கோயிலுக்குப் பதிலாகப் பள்ளிவாசல் என்ற சொல் இருந்திருந்தால்? நம் ஜமாஅத்துகள் அமைதியாக இருந்திருக்குமா? நம் வாட்ஸ்அப் குழுக்கள் அதே உற்சாகத்தோடு அதைப் பரப்பியிருக்குமா? நெஞ்சில் கைவைத்து நமக்கு நாமே பதில் சொல்லிக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

உண்மையில் வழிபாட்டு இல்லமா, மருத்துவ இல்லமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே தவறான வழக்கு என்று நாம் கருதுகிறோம். பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 2012 முதல் 'கால் தி மிட்வைஃப்' என்றொரு தொடர் ஒளிபரப்பாகிறது. கிறிஸ்துமஸ் நாளன்று அதன் சிறப்புப் பகுதியைக் குடும்பமாக அமர்ந்து பார்ப்பது அந்நாட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1950-களில் கிழக்கு லண்டனின் பாப்ளர் என்னும் ஏழைகள் பகுதியில் பணிபுரிந்த ஜெனிஃபர் வொர்த் என்ற செவிலியின் நினைவுக் குறிப்புகளே அதன் மூலம். அதில் வரும் மருத்துவச்சிகள் தங்கியிருப்பது ஒரு கன்னியர் மடத்தில். பிரார்த்தனைக்கு நடுவே அழைப்பு வந்தால், மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பிரசவ வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். பார்ப்பவர்கள் அழுகிறார்கள்; தங்கள் தாயும் பாட்டியும் பிள்ளை பெற்ற கதைகளைப் பேசுகிறார்கள். அவர்களுடைய கொள்கை வேறு, நம்முடையது வேறு. ஆனால் வணக்கமும் பிரசவ உதவியும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதில் அவர்களுக்கு வியப்பில்லை. நமக்கும் இருக்கத் தேவையில்லை. ஏனெனில் அந்தக் காட்சி மதீனாவில் முன்னரே அரங்கேறியது.

அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. நபி (ஸல்) அவர்கள் அவரை அருகிலிருந்து நலம் விசாரிக்கும் பொருட்டு மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அங்கே காயமுற்றோர்க்கு மருந்திட்டுப் பணிவிடை செய்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுஜூது செய்யும் இடத்துக்கும் மருந்திடும் இடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு கூடாரத் துணி மட்டுமே. அந்த மரபின் தொடர்ச்சியாகத்தான் பிற்காலத்தில் 'பீமாரிஸ்தான்' எனப்படும் மருத்துவமனைகள் எழுந்தன. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டியெழுப்பிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் இயங்கியது. ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற பேதமின்றிக் கட்டணமில்லாச் சிகிச்சை அளித்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று வகைப்படுத்துகிறார். ஊரில் ஒருவரேனும் அதை நிறைவேற்றாவிட்டால் ஊரே குற்றவாளியாகும் கடமை அது. சட்ட வாதங்களைக் கற்க மக்கள் முண்டியடிக்கின்றனர், மருத்துவத்தைக் கற்கவோ ஆளில்லை என்று அவர் வருந்தி எழுதி ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் ஆகின்றன.

இவற்றையெல்லாம் நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் கல்வராயன் மலை தொடங்குகிறது; வெள்ளிமலை அதன் தலைமையிடம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். சாலையில்லாத குக்கிராமங்களில் வலி கண்ட பெண்ணைப் போர்வையில் டோலி கட்டிச் சுமந்து, வண்டி வரும் இடம்வரை கொண்டுவரும் நிலையை மலைமக்கள் நன்கறிவார்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனால் சக்கரம் உருளப் பாதை வேண்டுமே. பிரசவ நாளுக்கு முன்பே வந்து தங்குவதற்கெனத் தமிழக மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறைகளும் ஏற்படுத்தப்பட்டுள்ளன. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் நம் அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. 2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயத் துயரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோனபோது, மருத்துவமனை எத்தனை அருகில் இருந்தாலும் போதாது என்பதை நம் ஊர் கண்ணீரோடு கண்டது. அதன் பிறகே சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து, கல்வராயன் மலைமக்களின் சாலை உள்ளிட்ட அடிப்படை வசதிகள் குறித்து விசாரிக்கத் தொடங்கியது.

அந்த மலைப் பெண்களுக்கும் பள்ளிவாசலைச் சுற்றி வாழும் நம் பெண்களுக்கும் பிரசவ அறையில் தேவைப்படுவது ஒன்றே. மொழி புரிந்த, கை தேர்ந்த, இரக்கமுள்ள ஒரு பெண் அருகில் நிற்க வேண்டும். நம் வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டதும் நாம் முதலில் கேட்பது, "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்பதுதான். வெட்கமும் மானமும் ஈமானின் கிளை என்பதால் அக்கேள்வி நியாயமானதே. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் ஆண் மருத்துவரிடம் செல்ல மார்க்கம் அனுமதிக்கிறது. அப்போது தயங்கி நேரத்தைக் கடத்துவது உயிரைப் பணயம் வைப்பதாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் தேடும் அந்தப் பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் எவர் வீட்டிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு தந்தையார் மஃரிபுக்குப் பின் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், பிள்ளைக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. நைட் டூட்டி எல்லாம் இருக்குமாம். சொந்தக்காரங்க வேணாங்கறாங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேப்பாங்களேன்னு பயமா இருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். அவருடைய அச்சத்தை நாம் இலேசாக எண்ணவில்லை. மகளின் பாதுகாப்பு பற்றிக் கவலைப்படாத தந்தை எவர்? ஆனால் அவரிடம் ஒன்று கேட்டோம். "இந்தப் பிள்ளை பொறந்தப்போ ராத்திரி எத்தனை மணி, பாய்?" சற்று யோசித்து, "ரெண்டரை இருக்கும்" என்றார். "அப்போ பக்கத்துல நின்ன நர்சம்மாவும் யாரோ ஒரு வாப்பாவோட மகதானே?" அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு ருஃபைதா (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். விடுதி, உடை, போக்குவரத்து ஆகியவை பற்றிக் கல்லூரியில் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்.

அப்பெண் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, பயிற்சிக்காகச் சென்ற பிரசவ அறையில் மலையிலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளை பிறக்கும் வரை தன் கையை விடவேயில்லை என்று நம் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பெயர்கூட அத்தாய்க்குத் தெரிந்திருக்காது.

பண்டிகைப் படங்கள் இனியும் வரும். அவற்றைச் சுற்றிச் சண்டைகளும் வரும். நம் ஜமாஅத்துகள் வேறொரு விதத்தில் எதிர்வினை ஆற்றலாம் என்பதே நம் வேண்டுகோள். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் மினாராவின் வண்ணத்தைப் பேசும் நேரத்தில் கால் பங்கு இதற்கும் ஒதுக்கப்படட்டும். மஹல்லாவில் யார் யார் கர்ப்பிணிகள், அவர்களுக்கு இரவு நேர வண்டி உண்டா, என்ன இரத்த வகை, கொடுக்க யார் தயார் என்று ஒரு பதிவேடு வைக்கலாம். பிரசவத்தில் தாய்மார் உயிரிழக்க முதன்மைக் காரணங்களுள் ஒன்று அதிக இரத்தப்போக்கு. உரிய நேரத்தில் கிடைக்கும் இரத்தமே அங்கு உயிர். நம் சமுதாய அமைப்புகள் பல்லாண்டுகளாக நடத்திவரும் ஆம்புலன்ஸ் சேவையும் இரத்ததான முகாம்களும் மலையடிவாரம் வரை நீளலாம். செவிலியர் படிப்புக்கும் மருத்துவப் படிப்புக்கும் தகுதி பெற்ற ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு, ஜகாத் நிதியிலிருந்து உதவ இடமுண்டா என்று உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, அதற்கென ஒரு பங்கை ஒதுக்கலாம். நர்சிங் படித்த பெண் என்பதைச் சம்பந்தம் பேசும்போது குறையாகக் கருதும் பழக்கத்தை மாப்பிள்ளை வீட்டார் கைவிட வேண்டும். இதற்கு நிதியே தேவையில்லை.

திரையில் இறக்கும் தாய்க்காகக் கசிந்த கண்ணீர் பொய்யானதென்று நாம் சொல்லமாட்டோம். இரக்கம் அல்லாஹ் இதயத்தில் வைத்த அருள். அது நம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் மலைமேல் வலியோடு காத்திருக்கும் பெண்ணுக்கும் பயன்பட வேண்டும்.

பிள்ளைப்பேறு காணும் தாய்மார் அனைவரின் சிரமத்தையும் அல்லாஹ் இலேசாக்குவானாக! அவர்களுக்குத் துணை நிற்கும் கைகளை நம் இல்லங்களிலிருந்தும் உருவாக்குவானாக! ஆமீன்.